பரிசு முயலின் கறுப்பு மூக்கு

முயல் என்றதும், ஆமையோடு பந்தயம் கட்டி, நடுவழியில் உறங்கித் தோற்றுப்போன கதைதான் நமக்கு நினைவு வரும். ஆனால் பரிசு வாங்கும் முயல்களும் உலகில் இருக்கின்றன. அவை ஓடிப் பரிசு வாங்குவதில்லை; ஒரு மேசையின்மீது அசையாமல் நீட்டிப் படுத்திருந்தே வாங்கிவிடுகின்றன!

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முயல் கண்காட்சி என்பது நூறாண்டுக்கும் மேலான பழக்கம். அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கம் 1910-ஆம் ஆண்டில் தோன்றியது. பிரிட்டிஷ் முயல் கழகம் 1934-இல் அமைந்தது. நம் ஊர் மாட்டுச் சந்தையில் காளையின் திமிலையும் கொம்பையும் சுழியையும் பார்த்து மதிப்புச் சொல்லும் பெரியவர்களைக் கண்டிருப்பீர்கள். முயல் கண்காட்சியிலும் அப்படித்தான். நடுவர் ஒருவர் முயலைக் கையில் எடுத்து, பல்லிலிருந்து வால் வரை சோதித்து, இந்த இனத்துக்கு இவ்வளவு எடை, இந்த நிறம், இந்த வடிவம் என்று எழுதி வைத்த இலக்கணத்தோடு ஒப்பிட்டுப் பரிசு வழங்குவார்.

‘இயற்பியல் ஆசிரியருக்கு முயல் கண்காட்சியில் என்ன வேலை?’ என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. பரிசு முயல்களில் ஒன்று, தன் உடம்பின் வெப்பநிலையைத் தன் முடியிலேயே பதிவு செய்து வைத்துக்கொள்கிறது. வெப்பவியல் பாடத்தின் பாதியை அந்த ஒரு முயலை வைத்தே நடத்திவிடலாம். அதன் பெயர் ஹிமாலயன் முயல்.

முதலில் ஒரு புதிரைச் சொல்லிவிடுகிறேன். ஒரே தாய்க்கு ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பெண் குட்டிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று காற்றோட்டமான வெளிக் கொட்டகையில் வளர்ந்தது. மற்றது வீட்டுக்குள், கணப்பு எரியும் அறையின் சுவரையொட்டி வளர்ந்தது. ஏழாம் மாதத்தில் இரண்டும் கண்காட்சிக்குப் போகின்றன. கொட்டகை முயலின் மூக்கும் காதும் மைபோல் கறுத்திருக்கின்றன; அதற்குப் பரிசு. வீட்டு முயலின் கறுப்போ வெளுத்துப் போயிருக்கிறது. அதற்கு ஒன்றும் இல்லை. வளர்ப்பவரிடம் இருப்பது ஒரே ஒரு காலிக் கூண்டு. அடுத்த தலைமுறைக்குத் தாயாக எதை வைத்துக்கொள்வது? எதை விற்றுவிடுவது?

‘இதிலென்ன யோசனை? பரிசு வாங்கியதைத்தான்!’ என்று சொல்லத் தோன்றும். அந்த விடை தவறாக இருக்கக்கூடும். தவறிப்போனால் பல தலைமுறைகளாகப் பொறுக்கிச் சேர்த்த நல்ல மரபு அன்றோடு கைவிட்டுப் போய்விடும். ஏன் என்று பார்ப்போம்.

இமயத்தின் பெயர் கொண்ட முயல்

ஹிமாலயன் முயல் தூய வெண்மையான உடலும் சிவந்த கண்களும் உடையது. மூக்கு, இரு காதுகள், நான்கு பாதங்கள், வால் ஆகிய இடங்களில் மட்டும் கறுப்பு நிறம். பனியில் நின்ற முயல் மைக்கூட்டில் மூக்கை விட்டதுபோல் இருக்கும். பெயரில் இமயம் இருந்தாலும், இது இமயமலையில்தான் தோன்றியது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ரஷ்ய முயல், சீன முயல் என்றும் இதற்குப் பெயர்கள் வழங்கியதுண்டு.

சார்லஸ் டார்வின் வீட்டு விலங்குகளின் வேறுபாடுகளைப் பற்றி 1868-இல் வெளியிட்ட நூலில் இந்த முயலைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். இதைத் தனி விலங்கினம் என்று கருதி இலத்தீன் பெயர் சூட்டியவர்களும் அக்காலத்தில் இருந்தனர். வேறு நிற முயல்களைக் கலந்து இனப்பெருக்கம் செய்தபோதும் இந்த வண்ணம் தோன்றியதைக் காட்டி, இது வீட்டு முயலின் ஒரு வகையே என்று டார்வின் விளக்கினார். இன்னொரு செய்தியையும் அவர் குறித்து வைத்தார்: குட்டிகள் பிறக்கும்போது முழு வெண்மையாக இருக்கின்றன; சில மாதங்களில்தான் மூக்கும் காதும் சிறிது சிறிதாகக் கறுக்கின்றன. சில வேளைகளில் குட்டிகள் வெளிர் சாம்பல் நிறத்துடன் இருப்பதும் உண்டு என்று வளர்ப்போர் அவரிடம் கூறியிருந்தனர். இவை ஏன் என்பதற்கு அன்று விடை கிடைக்கவில்லை. விடை வெப்பநிலையில் இருந்தது.

நடுவர் எதைப் பார்க்கிறார்?

அமெரிக்கச் சங்கம் ஐம்பதுக்கு மேற்பட்ட முயல் இனங்களை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஒவ்வோர் இனமும் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரு நூலாக வெளியிட்டு, ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை திருத்தி வருகிறது. அந்நூலின்படி வளர்ந்த ஹிமாலயன் முயலின் எடை 2½ பவுண்டு முதல் 4½ பவுண்டு வரை இருக்கலாம். 3½ பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1.6 கிலோகிராம், மிகச் சிறந்தது.

உடல் வடிவத்தைப் பொறுத்து அங்கே முயல் இனங்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள். அவற்றுள் ‘உருளை வடிவம்’ என்னும் வகையில் இருக்கும் ஒரே இனம் ஹிமாலயன்தான். மற்ற இனங்களைக் குறுக்கி உட்கார வைத்தோ நிமிர்த்தி நிறுத்தியோ பார்ப்பார்கள். இதை மட்டும் முழு நீளத்துக்கு மேசைமீது நீட்டிப் படுக்க வைப்பார்கள். தோள் முதல் இடுப்பு வரை ஒரே பருமனாக, மெலிந்து நீண்டிருக்க வேண்டும்.

அடுத்தது நிறம். மூக்கின்மேல் உள்ள கறை முட்டை வடிவில், கண்களுக்கிடையே மேலேறி இருக்க வேண்டும். காதின் கறுப்பு அடிவரை வந்து அங்கே சட்டென்று நிற்க வேண்டும். பாதங்களின் கறுப்பு காலுறை அணிந்ததுபோல் மேலே ஏறியிருக்க வேண்டும். நகங்களும் கருமையாக இருக்க வேண்டும். ஒரே ஒரு நகம் வெளுத்திருந்தாலும் முயல் போட்டியிலிருந்து விலக்கப்படும். வெள்ளை உடலில் அழுக்குப் படிந்ததுபோல் கருந்திட்டு தோன்றினால் அது பெருங்குறை.

ஆக, இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு இருக்க வேண்டும். இருக்கக் கூடாத இடத்தில் ஒரு துளியும் இருக்கக் கூடாது. சாயம் பூசுவதும், வேண்டாத முடியைப் பிடுங்கி ஏமாற்றுவதும் போட்டி விதிகளுக்கு விரோதம். அப்படியானால் இந்த எல்லைக்கோட்டை வரைவது யார்?

குளிர்ந்தால் வேலை செய்யும் நொதி

முடிக்கும் தோலுக்கும் கருமை தருவது மெலனின் என்னும் நிறமி. நம் தலைமுடி கறுப்பாக இருப்பதும் இதனால்தான். உடலில் மெலனின் உண்டாக வேண்டுமானால் டைரோசினேஸ் என்னும் நொதி வேலை செய்ய வேண்டும். நொதி என்பது புரதம். நீண்ட சங்கிலி போன்ற அதன் மூலக்கூறு குறிப்பிட்ட விதமாக மடிந்து சுருண்டிருந்தால்தான் அதன் வேலை நடக்கும். சுருள் குலைந்தால் வேலை நின்றுவிடும். முட்டையின் வெண்கரு சூட்டில் வெந்து கெட்டியாவதும் புரதத்தின் மடிப்புக் குலைவதால்தான்.

சாதாரண முயலின் டைரோசினேஸ் உடல் வெப்பநிலையில் நன்றாகவே வேலை செய்கிறது. ஹிமாலயன் முயலின் டைரோசினேஸ் அமைப்பில் சிறு மாறுதல் இருக்கிறது. அதனால் அது வெப்பத்தைத் தாங்காது. முயலின் உடலுக்குள் வெப்பநிலை ஏறத்தாழ 39 டிகிரி செல்சியஸ். நம் உடலைவிட இரண்டு டிகிரி அதிகம். அந்தச் சூட்டில் இந்த நொதி செயலற்றுப் போகிறது. முடி வெள்ளையாக வளர்கிறது. தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 33, 34 டிகிரிக்குக் கீழே இறங்கும் இடங்களில் மட்டும் நொதி வேலை செய்கிறது; அங்கே முடி கறுப்பாக வளர்கிறது.

இப்போது டார்வின் குறித்து வைத்ததற்கு விளக்கம் கிடைத்துவிடுகிறது. தாயின் வயிற்றுக்குள் எல்லா இடமும் ஒரே சூடு. ஆகவே குட்டி வெள்ளையாகப் பிறக்கிறது. வெளியே வந்து காதும் மூக்கும் குளிரத் தொடங்கிய பிறகே அங்கே கறுப்பு முளைக்கிறது. பிறந்த சில நாட்களில் குட்டி கூட்டிலிருந்து விலகிக் குளிரில் கிடந்துவிட்டால் உடல் முடியிலும் சாம்பல் நிறம் படிகிறது. கண் மட்டும் ஏன் சிவப்பு? கண்ணின் உட்புறம் உடலின் சூட்டிலேயே இருக்கிறது. அங்கே நிறமி உண்டாவதில்லை. இரத்தக் குழாய்களின் சிவப்பு அப்படியே தெரிகிறது.

சயாமியப் பூனையின் கறுத்த முகத்துக்கும் வாலுக்கும் இதே வகை நொதிதான் காரணம்.

காது ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பொருள் வெப்பத்தை இழப்பது அதன் பரப்பின் வழியே. வெப்பத்தைத் தேக்கி வைப்பது அதன் பருமனளவு. எனவே பரப்பைப் பருமனளவால் வகுத்தால் வரும் எண் பெரிதாக இருந்தால், அப்பொருள் விரைவில் குளிரும்.

1.6 கிலோகிராம் எடையுள்ள நம் முயலின் உடலை 8 செ.மீ. விட்டமும் 32 செ.மீ. நீளமும் உள்ள உருளையாகக் கொள்வோம். அதன் பருமனளவு சுமார் 1,600 கன செ.மீ. வருகிறது, எடைக்குப் பொருத்தமாகவே இருக்கிறது. உருளையின் வளைபரப்பைப் பருமனளவால் வகுத்தால், ஒரு கன சென்டிமீட்டருக்கு அரைச் சதுர சென்டிமீட்டர் பரப்புக் கிடைக்கும்.

காதை 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகடாகக் கொள்வோம். தகட்டுக்கு இரு பக்கமும் பரப்பு உண்டல்லவா? கணக்கிட்டால் ஒரு கன சென்டிமீட்டருக்குப் பத்துச் சதுர சென்டிமீட்டர் பரப்பு. அதாவது, உடலைப்போல் இருபது மடங்கு! கொதிக்கும் காப்பியை டம்ளரிலிருந்து அகன்ற டவராவில் ஊற்றி ஆற்றுகிறோமே, அதே தத்துவம்.

குளிர் காலத்தில் காதுக்குப் போகும் இரத்தக் குழாய்களை முயல் சுருக்கிக்கொள்கிறது. உள்ளிருந்து வரும் வெப்பம் குறைகிறது. காது மேலும் குளிர்கிறது. வெயில் காலத்தில் குழாய்கள் விரிகின்றன. சூடான இரத்தம் பாய்ந்து வெப்பத்தை வெளியே விடுகிறது. முயலால் நம்மைப்போல் வியர்த்து உடலைக் குளிர்வித்துக்கொள்ள முடியாது. காதுதான் அதற்கு முக்கியமான வெப்பம் தணிக்கும் கருவி. பாதம் குளிர்ந்த தரையைத் தொட்டு வெப்பத்தை இழக்கிறது. மூக்கு நுனியில் குளிர்ந்த காற்று மூச்சோடு ஓயாமல் போய் வருகிறது. வால் மெலிந்தது; உடலை விட்டு விலகியது. ஆக, கறுத்திருக்கும் இடங்கள் யாவும் குளிரும் இடங்களே. நடுவர் பார்க்கும் எல்லைக்கோடு உண்மையில் ஒரு சமவெப்பக் கோடு.

மழித்த இடத்தில் முளைத்த கறுப்பு

இது வெறும் ஊகம் அன்று. ஜெர்மானிய ஆய்வாளர் வால்ட்டர் ஷூல்ட்ஸ் ஹிமாலயன் முயலின் வெள்ளை முடியை மழித்துவிட்டு நடந்ததைப் பார்த்தார். உரோமப் போர்வை இல்லாததால் அந்த இடத்துத் தோல் குளிர்ந்தது. அங்கே கறுப்பு முடி முளைத்தது! இச்செய்தியை அவர் 1915-இல் வெளியிட்டார். மழித்த முதுகில் பனிக்கட்டிப் பையைக் கட்டிக் கருந்திட்டு வரவழைக்கும் சோதனையை உயிரியல் பாடநூல்களில் இன்றும் படத்துடன் காணலாம். ரஷ்யாவில் இலியின் என்பவர் சயாமியப் பூனையின் நிறத்தில் வெப்பநிலையின் விளைவைப் பற்றி 1930-இல் எழுதினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முடி உயிரற்றது. ஒருமுறை வளர்ந்துவிட்ட முடியைப் பனிக்கட்டியில் வைத்தாலும் அது கறுக்காது. நெருப்பருகே வைத்தாலும் வெளுக்காது. முடி வேரில் உருவாகும் அந்த நாட்களில் தோல் எவ்வளவு சூடாக இருந்தது என்பதே அதன் நிறத்தைத் தீர்மானிக்கிறது. அடுத்த முறை உரோமம் உதிர்ந்து புதிதாக முளைக்கும் வரை அந்தப் பதிவு அப்படியே நிற்கும். குளிரில் கிடந்த குட்டியின் சாம்பல் நிறம் முதல் உரோம உதிர்வில் மறைந்துவிடுவதும் இதனால்தான்.

அனுபவமுள்ள வளர்ப்பாளர் தம் ஹிமாலயன் முயலின் உடலில் முடி பெயர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்குக் காரணம் புரிகிறதல்லவா? இரண்டு முயல்களை ஒரே கூண்டில் விட்டுச் சண்டையில் முதுகு முடி பிய்ந்தால், குளிர் காலத்தில் அங்கே முளைப்பது கருந்திட்டாக இருக்கலாம். ஒரு பருவப் பரிசு போயிற்று!

மரபின் பங்கு

இவ்வளவையும் படித்ததும், ‘அப்படியானால் எல்லாம் குளிரின் வேலைதானா?’ என்று எண்ணிவிடக் கூடாது. சாதாரண வெள்ளை முயலை எவ்வளவு குளிரில் வைத்தாலும் அதன் காது கறுக்காது. குளிர் வந்தால் கறுக்கும் திறமை பெற்றோரிடமிருந்து வர வேண்டும்.

முயலின் ஒவ்வொரு பண்புக்கும் தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக இரண்டு ஜீன்கள் வருகின்றன. டைரோசினேஸ் நொதிக்கான ஜீனில் பல வடிவங்கள் உண்டு. முழு நிறம் தரும் வடிவத்தை ‘மு’ என்றும், ஹிமாலயன் வடிவத்தை ‘ஹி’ என்றும், நிறமே தராத வடிவத்தை ‘வெ’ என்றும் குறிப்போம். ‘மு’ இருந்தால் மற்ற இரண்டும் மறைந்து நிற்கும். ‘ஹி’ இருந்தால் ‘வெ’ மறைந்து நிற்கும்.

ஒரு ஹிமாலயன் முயல் ‘ஹிஹி’ ஆகவும் இருக்கலாம். ‘ஹிவெ’ ஆகவும் இருக்கலாம். இரண்டுக்குமே மூக்கு கறுப்புத்தான். ‘ஹிவெ’ முயல்கள் இரண்டைச் சேர்த்தால் குட்டிகளில் சராசரியாக நான்கில் ஒன்று ‘வெவெ’ ஆகப் பிறக்கும். அது எந்நாளும் முழு வெள்ளைதான். பிறந்தவுடன் எல்லாக் குட்டிகளும் வெள்ளையாக இருப்பதால், வளர்ப்பவருக்குச் சில வாரம் கழித்துத்தான் விஷயமே தெரியவரும்!

கறுப்பு ஒன்றுதான் இந்த இனத்தின் நிறம் என்பதும் இல்லை. அமெரிக்க இலக்கணப்படி கறுப்பு, நீலம், சாக்லேட், லைலக் என்று நான்கு நிறங்கள் உண்டு. வேறு இரண்டு ஜீன்கள் இதைத் தீர்மானிக்கின்றன. ஒன்று கறுப்பைப் பழுப்பாக்கும். மற்றொன்று நிறத்தை நீர்க்கச் செய்யும். கறுப்பு நீர்த்தால் நீலச் சாம்பல். பழுப்பு நீர்த்தால் இளஞ்சாம்பல் கலந்த லைலக். இவை தவிர, கறையின் அளவு, ஓரத்தின் கூர்மை, உடலின் நீளம், உரோமத்தின் மென்மை ஆகியவற்றில் பல ஜீன்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. அவற்றை ஒரு தலைமுறையில் பிடித்துவிட முடியாது. ஆண்டுக்கணக்கில் பொறுக்கிச் சேர்க்க வேண்டும்.

இதற்காகவே தூய இன முயலுக்கு வம்சாவளிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். பெற்றோர், பாட்டன் பாட்டி, முப்பாட்டன் முப்பாட்டி என மூன்று தலைமுறை விவரம் இருந்தால்தான் அமெரிக்கச் சங்கத்தில் ஒரு முயலைப் பதிவு செய்ய முடியும். அடையாளம் மாறிவிடாதிருக்க இடக் காதில் பச்சை குத்துகிறார்கள். பிரிட்டனில் பச்சை குத்துவதற்குப் பதில் பின்னங்காலில் வளையம் போடுகிறார்கள்.

வளர்ப்பவரின் நாட்காட்டி

பெண் முயலின் சினைக்காலம் 31 நாட்கள். ஈனுவதற்குச் சில நாள் முன்பே ஒரு மரப்பெட்டியில் உலர்ந்த புல்லைப் பரப்பிக் கூண்டில் வைத்துவிட வேண்டும். தாய் தன் வயிற்று உரோமத்தைத் தானே பிடுங்கி அதில் மெத்தை அமைக்கும். உரோமத்துக்கிடையே சிக்கிய காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. கம்பளி நம்மைக் காப்பதும் இப்படியே. முடியின்றி, கண் திறவாமல் பிறக்கும் குட்டிகளுக்கு அந்த மெத்தைதான் உயிர்காப்பு. தாய் நாளுக்கு ஓரிரு முறை சில நிமிடம் மட்டுமே வந்து பாலூட்டும். மற்ற நேரமெல்லாம் குட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்து சூட்டைக் காத்துக்கொள்கின்றன. ஒட்டிக் கிடக்கும்போது வெளிக்காற்றில் படும் பரப்புக் குறைகிறது என்பதையும் மாணவர்கள் கவனிக்கலாம்.

குட்டிகள் ஏறத்தாழ பத்து நாளில் கண் திறக்கும். ஐந்தாறு வாரத்துக்குப் பின் தாயிடமிருந்து பிரிக்கலாம். உலர்புல்லும் தூய நீரும் எந்நேரமும் இருக்க வேண்டும். குருணைத் தீவனத்தை அளந்தே கொடுப்பார்கள். உருளை வடிவ முயல் தொந்தி போட்டால் அழகு கெட்டுவிடும். பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. புல்லை அரைத்து மென்றால்தான் தேயும். மேல் முன்பல்லும் கீழ் முன்பல்லும் சரியாகப் பொருந்தாமல் இருந்தால் கண்காட்சியில் விலக்கு. அது பெரும்பாலும் பரம்பரைக் குறை என்பதால் அத்தகைய முயலை இனப்பெருக்கத்துக்கும் விடமாட்டார்கள்.

கூண்டு நிழலில் இருக்க வேண்டும். வெயில் கறுப்பு முடியைச் செம்பட்டையாக்கும். ஈரமும் சிறுநீரும் வெள்ளை முடியில் மஞ்சள் கறை ஏற்றும். நாள்தோறும் சில நிமிடம் முயலை மேசைமீது நீட்டிப் படுக்க வைத்துப் பழக்க வேண்டும். பழகாத முயல் நடுவர் தொட்டதும் சுருண்டுகொள்ளும்.

எல்லாவற்றையும்விட வெப்பநிலை முக்கியம். 15 முதல் 20 டிகிரி வரை முயலுக்கு இதமானது. 30 டிகிரிக்கு மேல் போனால் நிறம் வெளுப்பது இருக்கட்டும், உயிருக்கே ஆபத்து. வெப்பம் மிகுந்த கோடையில் அமெரிக்க வளர்ப்பாளர்கள் பிளாஸ்டிக் பாட்டிலில் நீரை உறைய வைத்துக் கூண்டுக்குள் போடுவார்கள். முயல் அதன்மேல் சாய்ந்துகொள்ளும். ஒரு கிராம் பனிக்கட்டி உருக 334 ஜூல் வெப்பம் தேவை. ஒரு கிலோகிராம் பாட்டில் உருகி முடிவதற்குள் மூன்று லட்சத்துக்கும் அதிகமான ஜூல் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். உள்ளுறை வெப்பம் என்று வகுப்பில் படிப்பது அங்கே ஓர் உயிரைக் காக்கிறது.

‘கறுப்பு வேண்டுமென்றால் முயலைக் கடுங்குளிரில் வைத்துவிட்டால் போகாதா?’ என்றும் கேட்கலாம். குளிர் அதிகமானால் வேண்டாத இடத்திலும் கறுப்புப் பரவும். கண்ணைச் சுற்றியும் உடலிலும் திட்டு விழும். குட்டிகளோ விறைத்து இறந்துவிடும். இயற்கை இதில் பேராசைக்கு இடம் வைக்கவில்லை.

மேசையின்மீது

கண்காட்சியில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட ஹிமாலயன் முயல்கள் இளையோர், அதற்கு மேற்பட்டவை மூத்தோர். ஆண், பெண் தனித்தனி. ஒவ்வொரு நிறத்திலும் சிறந்தது, பிறகு இனத்திலேயே சிறந்தது, கடைசியில் எல்லா இனங்களிலும் சிறந்தது என்று படிப்படியாகத் தேர்வு நடக்கும். குறைந்தது மூன்று வளர்ப்பாளர்களின் ஐந்து முயல்களாவது போட்டியிட்டால்தான் வெற்றி, பட்டத்துக்குக் கணக்கில் சேரும். இத்தகைய வெற்றி மூன்று வேண்டும். மூன்றையும் ஒரே நடுவர் வழங்கியிருக்கக் கூடாது. குறைந்தது இரண்டு நடுவர்கள் இருக்க வேண்டும். அப்போதுதான் பதிவு பெற்ற முயலுக்குப் பெரும் வாகையர் பட்டம்.

இந்த விதியில் ஒரு நல்ல அறிவியல் வழக்கம் ஒளிந்திருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் ஒரே அளவை ஒருமுறை மட்டும் எடுத்து எழுதும் மாணவனுக்கு நாம் மதிப்பெண் தருவதில்லை. திரும்பத் திரும்ப எடுத்துச் சராசரி காணச் சொல்கிறோம். வேறு நாள், வேறு கண் என்று பார்த்த பிறகே ஒரு முடிவை நம்ப வேண்டும் என்பதை முயல் வளர்ப்போரும் தம் அனுபவத்தில் கண்டுகொண்டிருக்கிறார்கள்.

எந்தச் சகோதரி?

இனி நம் புதிருக்கு வருவோம். கொட்டகை முயல் பரிசு பெற்றது. நடுவர் தவறு செய்யவில்லை. மேசைமீது இருந்ததைத்தான் அவர் மதிப்பிட்டார். ஆனால் அவர் பார்த்த கறுப்பில் மரபின் பங்கு எவ்வளவு, கொட்டகைக் குளிரின் பங்கு எவ்வளவு என்பதை அந்த முயலின் தோற்றம் மட்டும் சொல்லாது. குட்டிகளுக்குத் தாய் கொடுக்கப்போவது தன் ஜீன்களை மட்டுமே. தான் வளர்ந்த கொட்டகையை அன்று. வெளுத்த மூக்குள்ள தங்கையிடம் அக்காளைவிட நல்ல ஜீன்கள் இருக்கவும் கூடும். கணப்புச் சுவரின் சூடு அவற்றை மறைத்திருக்கலாம்.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? இரண்டையும் ஒரே கொட்டகையில், அடுத்தடுத்த கூண்டுகளில், ஒரே தீவனம் கொடுத்து வைத்திருக்க வேண்டும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் இருக்கும் சிக்ஸ் பெரும-சிறும வெப்பமானி ஒன்றை அங்கே மாட்டி, நாள்தோறும் இரண்டு அளவுகளையும் குறித்து வர வேண்டும். பழைய உரோமம் உதிர்ந்து புதியது வளர்ந்து முடியட்டும். இப்போது இருவருக்கும் வெப்பநிலை ஒன்று. இனியும் வேறுபாடு தெரிந்தால் அதை மரபின் வேறுபாடு என்று ஓரளவு நம்பலாம். ஒரு காரணியை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்துச் சோதிப்பது என்று நாம் ஆய்வுக்கூடத்தில் சொல்வது இதைத்தான். அதற்குள் காலிக் கூண்டு ஒன்றுதான் இருக்கிறதென்றால், இன்னொரு கூண்டு செய்துகொள்வதே மலிவு!

ஒரு முயலைப் பற்றிய இந்தச் சிறு பாடம் முயலோடு நிற்பதில்லை. விடிய விடிய விளக்கு வெளிச்சத்தில் படிக்க வசதியுள்ள மாணவனும், மாலையில் கடையில் வேலை செய்துவிட்டு வந்து படிக்கும் மாணவனும் ஒரே தேர்வை எழுதுகிறார்கள். விடைத்தாளில் உள்ளதைத்தான் நான் திருத்த முடியும், நடுவரைப்போல. ஆனால் முதல் தேர்வில் வெளுத்த மூக்கோடு வருகிறவனை ‘இவனிடம் சரக்கில்லை’ என்று விற்றுவிடத் தோன்றும்போதெல்லாம், அவனுடைய கூண்டு எந்தச் சுவரையொட்டி இருந்தது என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.